பனிக்கு முன்னால் துணி

ஸ்னோபோர்டு பார்த்திருப்பீங்க. ரெண்டு காலையும் ஒரே பலகையில் இறுக்கிக் கட்டிக்கிட்டு பனிமலைச் சரிவுல சறுக்கி வர்ற விளையாட்டு. அதுல ஃப்ரீஸ்டைல்னு ஒரு வகை உண்டு. வேகமா வந்து ஒரு மேட்டுல ஏறி, அந்தரத்துல ரெண்டு மூணு சுத்து சுத்தி, நடுவுல பல்டியும் அடிச்சு, திரும்பப் பனியில் இறங்கணும். டிவியில் பார்த்தா மனுஷன் செய்யற வேலையாவே தெரியாது. ஆனா அந்தச் சுத்தையும் பல்டியையும் அவங்க முதல்ல பழகுறது பெரும்பாலும் பனியில் இல்லை. கூரை போட்ட ஒரு ஷெட்டுக்குள்ள, சுத்தியும் ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டின ஒரு துணி மேல. அதான் ட்ராம்போலின்.

திருப்பூர்ல உட்கார்ந்துக்கிட்டு பனிச்சறுக்கைப் பத்தி எழுத உனக்கென்னய்யா தகுதின்னு கேட்டா, அந்தத் துணிதாங்க தகுதி :) துணின்னு காதுல விழுந்தா அது நிட்டிங்கா ஓவனா, ஜிஎஸ்எம் எவ்வளவுன்னு கேட்காம இருக்க நம்ம ஊர்க்காரனால முடியாது.

நானும் ரொம்ப நாளா அது பின்னல் துணி வகையாத்தான் இருக்கும்னு நினைச்சவங்களைப் பார்த்திருக்கேன். அப்படித் துள்ளுதே, லைக்ரா மாதிரி ஏதாவது இருக்குமோன்னு. கிடையாது. அது நெய்த துணி. வீட்டு ட்ராம்போலின்ல பாலிப்ராப்பிலீன் இழை. போட்டிக்கான ட்ராம்போலின்ல நைலான் பட்டைகளை வலை மாதிரி இடைவெளி விட்டுக் கோத்திருப்பாங்க, காத்து தடுக்காம ஓடிரணும்னு. துணி இழுபடுறது ரொம்பக் கம்மி. இழுபடுறது சுத்தி மாட்டியிருக்கிற நூத்துக்கும் மேற்பட்ட ஸ்பிரிங்குங்கதான். பனியன் துணியில் கண்ணி வளையம் வளையமா இருக்கறதால இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். ஆனா ஆயிரம் தடவை இழுத்தா கழுத்துப்பட்டை தொளதொளன்னு ஆகிடும்ல, அதே கதைதான் இங்கயும் நடக்கும். அறுபது கிலோ ஆளு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விழற இடத்துக்கு நம்ம சிங்கிள் ஜெர்ஸி தாங்காது.

சரி, கதைக்கு வருவோம். அந்தரத்துல சாகசம் பண்றவனோட கதைன்னு நாம படிக்கிறதெல்லாம் பாதிக் கதை. அவனுக்குக் கீழே என்ன விரிச்சிருந்தாங்க அப்படிங்கறதுதான் மீதிப் பாதி. எனக்கு இந்த மீதிப் பாதிதான் சுவாரசியமாப் படுது.

நம்ம பக்கத்துல கயித்து மேல ஆடறது எவ்வளவு பழசுன்னா, சங்க இலக்கியத்துலயே இருக்கு. குறுந்தொகையோட ஏழாவது பாட்டுல, காத்துல வாகை நெற்று கலகலக்கிற சத்தத்துக்கு, ஆரியர் கயிறு மேல ஆடும்போது அடிக்கிற பறையைத்தான் புலவர் உவமை சொல்றார். உவமையாச் சொல்றார்னா கேக்கறவங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமா இருந்திருக்கணும். அந்த வழியில் வந்த கழைக்கூத்தை நாற்பது வயசு தாண்டினவங்க ரோட்டோரம் பார்த்திருப்போம். ரெண்டு பக்கமும் மூங்கில் பெருக்கல்குறி, நடுவுல கயிறு, கையில் நீளக் கம்போட ஒரு சின்னப் பொண்ணு, கீழே மேளம் அடிச்சிக்கிட்டு அப்பா. கீழே விரிச்சிருந்தது ஒண்ணுமே இல்லை. தார் ரோடு, இல்லைன்னா செம்மண். அதனால அவங்க வித்தையும் ஒரு எல்லைக்குள்ளயே நின்னுச்சு. நடக்கலாம், தலையில் சொம்பு வைக்கலாம், தட்டு மேல முட்டி போட்டு நகரலாம். அந்தரத்துல ரெண்டு பல்டி முயற்சி பண்ணணும்னா முதல் ஐம்பது தடவை தப்பா விழணும். தார் ரோட்டுல ஐம்பது தடவை விழ யாருக்கு முடியும்? திறமை இல்லாம இல்லை, விழறதுக்கு வசதி இல்லை.

அந்த வசதி கிடைச்ச இடம் பழைய மதராஸ் ராஜதானியிலேயே ஒண்ணு இருந்துச்சு. மலபார் ஜில்லா தலச்சேரி. விஷ்ணுபந்த் சத்ரே 1880ல பம்பாயில கிரேட் இந்தியன் சர்க்கஸை ஆரம்பிச்சார். அந்தக் கம்பெனி தலச்சேரி பக்கம் வந்தப்ப, அங்க களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனோட பழக்கமாச்சு. குஞ்ஞிக்கண்ணன் வாத்தியார் சர்க்கஸுக்கு ஆள் தயார் பண்ற பள்ளிக்கூடமே நடத்தினார். இந்திய சர்க்கஸ் தொழிலே அப்புறம் பல தலைமுறைக்குத் தலச்சேரிக்காரங்க கையில் இருந்ததுன்னு சொல்லலாம். 1951ல ஜெமினி சர்க்கஸை ஆரம்பிச்ச சங்கரனும் (2023ல காலமானார்) அந்த ஊர்ப்பக்கத்துக்காரர்தான்.

அந்த ஊர்லருந்து போன ஒருத்தர் பேர் கண்ணன். வெளிநாட்டு மேடையில் 'பாம்பேயோ'. இவரோட அயிட்டம் துள்ளும் கயிறு. கயித்தோட முனைகள்ல ஸ்பிரிங் மாதிரி இழுவை இருக்கும், மிதிச்சா மேல தூக்கி எறியும். அதுல எகிறி அந்தரத்துல பல்டி அடிச்சு, திரும்ப அதே கயித்து மேல கால் வைக்கணும். 1930கள்ல ஐரோப்பா, அப்புறம் அமெரிக்காவோட ரிங்ளிங் சர்க்கஸ் வரைக்கும் போய் ஆடினார். தத்துவம் அதே ட்ராம்போலின்தாங்க, என்ன, அகலம் மட்டும் ஒரு விரல் கடை.

அதே பத்து வருஷம், அதே அமெரிக்கா. அயோவா மாநிலத்துல ஜார்ஜ் நிஸ்ஸன்னு ஒரு பையன், 1914ல பிறந்தவர். ஜிம்னாஸ்ட், டைவிங்கும் அடிப்பார். பதினாறு வயசுல சர்க்கஸ் பார்க்கப் போனவர், எல்லாரும் மேலே ஊஞ்சலைப் பார்க்க, இவர் கீழே வலையைப் பார்த்தார். ஊஞ்சல்காரங்க ஆட்டம் முடிஞ்சு வலையில் விழுந்து துள்ளி எழுந்தாங்க. அந்தத் துள்ளலை வச்சே தனியா வித்தை காட்டினா என்னன்னு தோணிருக்கு. வீட்டுக் கார் ஷெட்ல பழைய இரும்பையும் கேன்வாஸ் துணியையும் வச்சு முதல் சட்டத்தைக் கட்டினார். 1934ல தன்னோட பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டோட சேர்ந்து உருப்படியான ஒண்ணைச் செஞ்சார். 1937ல மெக்சிகோவுக்கு வித்தை காட்டப் போனப்ப, டைவிங் பலகைக்கு அங்க 'ட்ராம்போலின்'னு ஸ்பானிஷ்ல சொல்றதைக் கேட்டு, எழுத்துல ஒண்ணைக் கூட்டி அதையே தன் சரக்குக்கு வியாபாரப் பேரா பதிவு பண்ணிட்டார். 1942ல கம்பெனி. மனுஷன் விளம்பரத்துலயும் கில்லாடி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒரு கங்காருவோட முன்னங்காலைப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேருமா குதிக்கிற போட்டோ இன்னைக்கும் சுத்துது. அந்தப் பேர் கடைசியில எல்லாக் கம்பெனி சரக்குக்கும் பொதுப் பேராப் போயிடுச்சு, நமக்கு ஜெராக்ஸ் மாதிரி.

ரெண்டாம் உலகப்போர்ல விமானிகளுக்கு ட்ராம்போலின் பயிற்சி கொடுத்தாங்க. தலைகீழாச் சுத்தும்போது மேல எது கீழ எதுன்னு மூளை குழம்பக் கூடாதுன்னு. ஸ்னோபோர்டுக்காரன் இதுல தேடறதும் அதையேதான், அதைக் கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

1959-60 வாக்குல அமெரிக்காவுல ஒரு பைத்தியம் பிடிச்சுது. காலி மனையில் குழி வெட்டி, அது மேல தரை மட்டத்துக்கு ட்ராம்போலினைக் கட்டி, அரை மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிக் குதிக்க விட்டாங்க. பார்த்துக்க ஆள் கிடையாது, சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. கை கால் முறிஞ்சுது, கழுத்தும் முறிஞ்சுது. கொஞ்ச நாள்ல எல்லாம் இழுத்து மூடினாங்க. 1964ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தாலும், 1977ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு பள்ளிக்கூடங்கள்ல ட்ராம்போலினே வேண்டாம்னு அறிக்கை விட்டுச்சு. காரணம், கழுத்துக்குக் கீழே செயலிழந்து போன பிள்ளைங்க. நிஸ்ஸன் கம்பெனி கோர்ட் கேஸ், இன்சூரன்ஸ் தொல்லையில் 1980கள்ல ட்ராம்போலின் செய்யறதையே விட்டுச்சு. நிஸ்ஸன் மட்டும் நல்லா வாழ்ந்தார். 2000ல சிட்னி ஒலிம்பிக்ஸ்ல ட்ராம்போலின் முதல் தடவை சேர்ந்தப்ப நேர்ல போய்ப் பார்த்தார். 2010ல, 96 வயசுல காலமானார்.

இந்தப் பக்கம் ஸ்னோபோர்டு. 1965 கிறிஸ்துமஸ் அன்னைக்கு மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒருத்தர் தன் பொண்ணுங்களுக்காக ரெண்டு பனிச்சறுக்குக் கட்டையை ஒண்ணாச் சேர்த்து அடிச்சுக் கொடுத்ததுதான் ஆரம்பம். 1970கள்ல ஜேக் பர்ட்டன், டாம் சிம்ஸ் மாதிரி ஆளுங்க அதை ஒழுங்கான பலகையாக்கினாங்க. 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல விளையாட்டா ஏத்துக்கிட்டாங்க. குழாயை நீளவாக்கில் பாதியா அறுத்தாப்புல பனியில் வெட்டின பள்ளம், அதோட ரெண்டு சுவர்லயும் மாறி மாறி எகிறி வித்தை காட்டற ஹாஃப்பைப் போட்டியும் அப்பவே வந்துடுச்சு.

வித்தை பெருசாகப் பெருசாக, பனியிலேயே விழுந்து பழகறது கட்டுபடியாகலை. முதல்ல கணக்கு. மலையில ஒரு தடவை குதிக்கணும்னா லிஃப்ட்ல ஏறி, காத்திருந்து, சறுக்கி வரணும். ஒரு குதிக்கு பத்து நிமிஷம். துணி மேல? ஒரு மீட்டர் உயரம் எகிறினா மேல போய்க் கீழ வர கிட்டத்தட்ட 0.9 விநாடி. ஒரு நிமிஷத்துல நாப்பது குதி போடலாம். மலையில ஒரு நாள் முழுக்கப் பண்றதை இங்க ஒரு நிமிஷத்துல பண்ணிரலாம். ரெண்டாவது, தப்பா விழுந்தா திரும்ப எழுந்து குதிக்கலாம்.

அதனால 1970ல பென்சில்வேனியாவுல ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமா ஆரம்பிச்ச உட்வர்ட்காரங்க, 2009ல கொலராடோவுல காப்பர் மலை அடிவாரத்துலயே ஒரு பெரிய ஷெட் போட்டாங்க. உள்ளே ட்ராம்போலின், பக்கத்துல ஸ்பாஞ்சுக் கட்டிகளைக் கொட்டி நிரப்பின குழி. நம்ம ஊர் கட்டிங் வேஸ்ட் குடோன் ஞாபகம் வருதா? மூட்டை பிரிச்சுக் கொட்டின பனியன் வேஸ்ட் மேல குதிச்சு, ஓனர்கிட்ட திட்டு வாங்காத பசங்க இந்த ஊர்ல கம்மி. அதோட பணக்கார அண்ணன்தான் அந்தக் குழி.

பழகற முறை இப்படி. முதல் பாடம் குதிக்கறது இல்லை, நிக்கறது. எகிறி வந்து துணியைத் தொட்டதும் முட்டியை மடக்கி, துள்ளலை அங்கேயே கொன்னு நிக்கணும். அப்புறம் நேரா மேல, நேரா கீழ. பின்னால சாயக் கூடாது. அப்புறம் பலகையில நிக்கற மாதிரி பக்கவாட்டுல நின்னு அரைச் சுத்து, முழுச் சுத்து. தோளும் தலையும் முதல்ல திரும்பும், இடுப்பு பின்னால வரும். அந்தரத்துல முட்டியை நெஞ்சுக்கு இழுத்து கையால பலகையைப் பிடிக்கிற மாதிரி பாவனை. இதெல்லாம் வந்தப்புறம்தான் இரும்பு விளிம்பு இல்லாத பயிற்சிப் பலகையைக் காலில் கட்டுவாங்க. பல்டின்னா இடுப்புல பெல்ட் கட்டி ரெண்டு பக்கமும் கயித்துல பிடிச்சுக்கிட்டு, இல்லைன்னா ஸ்பாஞ்சுக் குழிக்குள்ள. அதுக்கப்புறம் காத்தடிச்ச பெரிய மெத்தை. கடைசியில பனி, அதுவும் சின்ன மேடு.

துணி சொல்லிக் கொடுக்கறதுல பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. தரையை விட்டுக் கால் எடுத்தப்புறம் புதுசா சுழற்சி எதையும் சம்பாதிக்க முடியாது. கிளம்பும்போதே வாங்கிக்கிட்டுப் போகணும். மேல போனப்புறம் உடம்பைச் சுருக்கினா வேகமாச் சுத்தும், விரிச்சா மெதுவாச் சுத்தும், அவ்வளவுதான் நம்ம கையில. இதைப் புத்தகத்துல படிச்சா ஒரு வரி. உடம்புக்குப் புரிய ஆயிரம் குதி வேணும். சுத்திக்கிட்டே இருக்கும்போது தரை எங்கன்னு கண்ணு தேடிக் கண்டுபிடிக்கிற பழக்கமும் அப்படித்தான்.

ஆனா துணி சொல்லித் தராததும் இருக்கு, சிக்கலே அங்கதான். துணி நம்மளைத் தூக்கி எறியும். பனி எறியாது, மேட்டு விளிம்புல நாமதான் உந்தணும். துணியில கிளம்பின இடத்துலயே வந்து விழுவோம். பனியில முன்னோக்கிப் போற வேகம் கூடவே இருக்கு, பலகை எந்த விளிம்புல சாஞ்சிருக்குங்கறது இருக்கு, காத்து இருக்கு. இறங்குமிடம் சரிவா இருக்கறதாலதான் அவ்வளவு உயரத்துலருந்து விழுந்தும் முட்டி தப்பிக்குது. சரிவைத் தாண்டி சமதளத்துல விழுந்தா ட்ராம்போலின்ல எத்தனை வருஷம் குதிச்சிருந்தாலும் எலும்பு எலும்புதான். துணியில் பழகினவங்க விளிம்பை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பிடுவாங்க, அந்தரத்துல கோணலாகிடும். ஆக, நடுவுல இருக்கற அந்த ரெண்டு விநாடியைத்தான் துணி கத்துக்கொடுக்கும். கிளம்பறதும் இறங்கறதும் பனிகிட்டதான் கத்துக்கணும்.

2009ல நடந்ததைச் சொல்லியே ஆகணும். ஷான் ஒயிட்டுக்காக ரெட்புல் கம்பெனி கொலராடோவுல சில்வர்ட்டன் மலைப்பக்கம் தனியா ஒரு ஹாஃப்பைப் வெட்டிக் கொடுத்துச்சு, முடிவுல ஒரு ஸ்பாஞ்சுக் குழியோட. வேற யாருக்கும் அனுமதி கிடையாது. ரெண்டு பல்டி, மூணரைச் சுத்து சேர்ந்த டபுள் மெக்ட்விஸ்ட் 1260ங்கற வித்தையை வச்சுக்கிட்டு 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ் வந்தார். கடைசி ஓட்டத்துக்கு முன்னாடியே தங்கம் உறுதி ஆகிடுச்சு, ஆனாலும் அதை அடிச்சுக் காட்டிட்டுத்தான் போனார். அந்த சீசன்ல அவருக்குச் சரியான போட்டியா இருந்தவர் கெவின் பியர்ஸ், 22 வயசு. ஒலிம்பிக்ஸுக்கு ஒண்ணரை மாசம் முன்னாடி, 2009 டிசம்பர் 31 அன்னைக்கு, யூட்டாவுல பார்க் சிட்டி பனியில அதே மாதிரி ரெட்டைப் பல்டி வகை ஒண்ணைப் பழகும்போது முகம் குப்புற விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தும் மூளையில் பலத்த காயம். உயிர் பிழைச்சார், நடக்க, பேச திரும்பக் கத்துக்கிட்டார், போட்டிக்கு மட்டும் திரும்பவே இல்லை. 2013ல 'தி கிராஷ் ரீல்'னு ஆவணப்படமே வந்துச்சு. குழியில பழகியிருந்தா பியர்ஸ் விழுந்திருக்க மாட்டார்னு நான் சொல்ல வரலை, பனியில யார் வேணா விழலாம். ஆனா தனிக் குழி வெட்டிக் கொடுக்க ஒரு கம்பெனி கிடைக்கிறதும் கிடைக்காததும் ஒண்ணான்னு யோசிச்சுப் பாருங்க.

பனியே இல்லாத ஊர்க்காரங்க என்ன பண்ணினாங்கன்னா, அதுவும் நல்ல கதை. பனிச்சறுக்குப் பல்டியில 2002ல தங்கம் வாங்கின அலிசா கேம்ப்ளின் ஆஸ்திரேலியாக்காரர், அடிப்படையில் ஜிம்னாஸ்ட். ட்ராம்போலினும், சரிவுல சறுக்கி வந்து தண்ணியில போய் விழற பயிற்சியும்தான் அவரை ஆளாக்கினது. 2006ல அதே பிரிவுல ஆண்கள் தங்கம் வாங்கின சீனாவோட ஹான் சியாவ்பெங்கும் சின்ன வயசுல கரணம் பழகினவர்தான். தண்ணியில விழறதுன்னதும் நம்ம கொங்கு நாட்டுக் கிணறுங்க ஞாபகம் வருது. முதுகுல சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகி, அடுத்த கோடையில மோட்டார் ரூம் மேல ஏறி அந்தர்பல்டி அடிச்ச பசங்க எத்தனை பேர்! (இப்ப அந்த வார்த்தையை அரசியல்வாதிங்களுக்குத் தாரை வார்த்துட்டோம்.) தண்ணி இருந்தவரைக்கும் அதுவும் ஒரு பயிற்சிக்கூடம்தான். பாறை எங்க நீட்டிக்கிட்டிருக்குன்னு தெரிஞ்ச உள்ளூர்ப் பசங்களுக்கு மட்டும்.

இந்தியாவுல இதுக்குச் சரியான ஆள் சிவா கேசவன். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலி, வளர்ந்தது மணாலி பக்கம். விளையாட்டு லூஜ். பனிக்கட்டிக் குழாய்ல மல்லாக்கப் படுத்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போறது. நாட்டுல அதுக்கு ஒரு தடம் கூடக் கிடையாது. சறுக்குவண்டிக்கு அடியில சக்கரம் மாட்டி, இமயமலை ரோட்டுல லாரி, பஸ், ஆட்டு மந்தைக்கு நடுவுல பழகினார். ஸ்னோபோர்டு அறிமுகமான அதே 1998 நாகானோ ஒலிம்பிக்ஸுக்கு 16 வயசுல போனார். 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்ஸ். 2011, 2012ல ஆசிய சாம்பியன். அவருக்குக் கீழே விரிச்சிருந்தது, கழைக்கூத்துப் பொண்ணுக்கு மாதிரியே, தார் ரோடுதான்.

2020லருந்து குல்மார்க்ல கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி நடக்குது, ஸ்னோபோர்டும் அதுல உண்டு. சர்க்கஸ் பக்கம், குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சொன்னது நியாயம்தான். ஆனா அங்கயிருந்த கத்துக்கொடுக்கிற கையை விளையாட்டுப் பக்கம் யாரும் பெருசாக் கூப்பிட்டுக்கலை. தலச்சேரியில வலை கட்டவும், பெல்ட் பிடிக்கவும், எந்த நொடியில கையைக் கொடுக்கணும்னு தெரிஞ்சவங்களும் இருந்தாங்க.

இதையெல்லாம் இப்ப எழுத ஒரு காரணம் இருக்கு. பெரிய ஊர்கள்ல ட்ராம்போலின் பார்க் வந்தாச்சு, பொருட்காட்சியிலயும் சின்னதா ஒண்ணு வச்சிருக்காங்க. யூட்யூப்ல ஸ்னோபோர்டு பல்டி பார்த்துட்டு நேரா அங்க போய் பின்பல்டி அடிச்சுப் பார்க்கிற பசங்களும் வந்தாச்சு. அமெரிக்காவுல 1960ல நடந்த கதைக்கு நாம இப்பத்தான் முதல் ரீல் ஓட்டிக்கிட்டிருக்கோம். அதே குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012ல சொன்ன கணக்கு: ட்ராம்போலின் காயத்துல முக்கால்வாசி, ஒரே துணியில ஒருத்தருக்கு மேல குதிக்கும்போது நடக்குது. அதுலயும் எடை குறைஞ்ச பிள்ளைக்கு அடிபட வாய்ப்பு, எடை கூடினவரைவிட 14 மடங்கு. காரணம் நம்ம ஸ்பிரிங்தான். அப்பா விழுந்து அமுக்கின ஸ்பிரிங் திரும்பி எழும்பற நேரத்துல குழந்தை கால் வச்சா, அப்பாவுக்கான துள்ளல் முழுக்க அந்தப் பதினஞ்சு கிலோ உடம்புக்குப் போகும். குடும்பத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சு போட்டோ எடுக்கறோம் பாருங்க, அந்தப் போஸ்தான். ஒரு துணிக்கு ஒரு ஆள். ஸ்பிரிங் மேல பேடு இருக்கான்னு பார்த்துட்டு ஏத்துங்க. பல்டி கேட்டு அடம் பிடிச்சா, பெல்ட் கட்டிச் சொல்லிக்கொடுக்கிற ஜிம்னாஸ்டிக்ஸ் வாத்தியார் கோயமுத்தூர்ல யாராவது இருந்தா விசாரிச்சுச் சேர்த்து விடுங்க. முதல் ஒரு மாசம் குதிச்சு நிக்கறதை மட்டும்தான் சொல்லித் தருவார், பையனுக்குக் கடுப்பாத்தான் இருக்கும்.